எவ்வளவு விரைவில் விழும்? எங்கே நிற்கும்?

உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரு வரி ஓயாமல் வரும்: மாதிரியை நிமிடத்துக்கு 12,000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, அடியில் தங்கியதை எடுத்துக்கொண்டோம். எண்கள் இரண்டும் துல்லியமாக இருப்பதால் வரியும் துல்லியமானதாகத் தோன்றும். ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறோர் ஆய்வகம் அதே பொருளைப் பெற முடியாது. குழாயின் அடி, சுழலும் அச்சிலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அங்கே நிலவும் விசை புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 11,300 மடங்கு. அதே அடி 14 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 22,500 மடங்கு. சுற்று எண்ணிக்கை மாறவில்லை, விசை இரட்டித்துவிட்டது. அந்த வரி சொல்லாமல் விட்டது ரோட்டாரின் பெயர்.

ரோட்டார் என்பது மையவிலக்கி எந்திரத்துக்குள் குழாய்களைத் தாங்கிச் சுழலும் உலோகத் தலை. எந்திரத்தின் முகப்பில் வேகமும் நேரமும் வெப்பநிலையும் ஒளிரும். ரோட்டார் மூடிக்குள் இருக்கும். கண்ணில் படாததாலேயே கருத்திலும் படாமல் போய்விடுகிறது. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் மூலக்கூறு உயிரியல் தன் பெரிய விடைகளில் பலவற்றை இந்தத் தலையைச் சுழற்றித்தான் பெற்றது.

மையவிலக்கியிடம் அடிப்படையில் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். ஒரு துகள் எவ்வளவு விரைவில் விழும்? அது எங்கே போய் நிற்கும்? எந்த ரோட்டாரைத் தேர்ந்தெடுக்கிறோம், குழாயில் எதை நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்து இவற்றில் ஒன்றுக்கு விடை வரும். அடியில் தங்கும் படிவு அந்த விடை மட்டுமே. அதைச் செல்லின் ஓர் உறுப்பு என்று எண்ணிப் பெயர் வைத்துவிடும் தவறு இந்தத் துறையில் ஒருமுறை நடந்தது, திருத்தப்பட்டது, இப்போது மறுபடியும் நடக்கிறது. இக்கட்டுரை அந்தத் தவற்றையும் அதைத் திருத்திய சிந்தனையையும் பற்றியது.

விழும் வேகம்

கலங்கிய ஆற்றுநீரைக் குடத்தில் பிடித்துவைத்தால் மணல் சில நொடிகளில் இறங்கிவிடும். வண்டல் இறங்க மணிக்கணக்கில் ஆகும். நுண்ணிய களிமண் நாள்கணக்கில் நீரிலேயே நிற்கும். தேற்றான்கொட்டையை உரைத்து விடுவது அந்த நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, பெரிதாக்கி, விழச் செய்யும் உத்தி. துகள் சிறுக்கச் சிறுக்க வீழ்ச்சி மந்தமாகும். புரத மூலக்கூறின் அளவுக்கு வந்துவிட்டால் புவியீர்ப்பால் எதுவும் ஆகாது. நீர் மூலக்கூறுகளின் ஓயாத மோதல் அதைத் திசையின்றி அலைக்கழிக்கும். அதை ஒட்டவைத்துப் பெரிதாக்காமல், உள்ளபடியே விழவைக்க வேண்டுமானால் ஈர்ப்பைத்தான் பெருக்க வேண்டும்.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் தியோடர் ஸ்வெட்பெர்க் அதைச் செய்தார். தங்கக் கூழ்மத் துகள்களின் அளவை அறிய ஹெர்மன் ரிண்டேயுடன் சேர்ந்து அவர் அமைத்த கருவியை 1924இல் 'அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ்' என்ற பெயருடன் அறிவித்தார். ரோட்டார் சுழன்றுகொண்டிருக்கும்போதே குழாய்க்குள் ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுக்க முடிந்தது அதன் தனிச்சிறப்பு. அந்தக் காலத்து வேதியியலாளர் பலர், புரதம் என்பது திட்டமான எடை கொண்ட மூலக்கூறு என்பதையே ஏற்கவில்லை. சிறு மூலக்கூறுகள் கண்டபடி திரண்ட கூழ் என்று கருதினர். ஸ்வெட்பெர்க்கும் ராபின் ஃபோரேயஸும் ஹீமோகுளோபினைச் சுழற்றிப் பார்த்து 1926இல் வெளியிட்ட முடிவு அந்தக் கருத்தை ஆட்டங்காண வைத்தது. மூலக்கூறு எடை ஏறத்தாழ 68,000. அதுவும் சீரான எடை. இரும்பின் அளவைக் கொண்டு கணக்கிட்டிருந்த குறைந்தபட்ச எடையான 16,700இன் நான்கு மடங்கு அது. நான்கு அலகுகள் சேர்ந்த, வரையறுத்த ஒரு மூலக்கூறாகப் புரதம் நம் முன் வந்து நின்றது. அதே ஆண்டில் கூழ்மங்கள் பற்றிய ஆய்வுகளுக்காக ஸ்வெட்பெர்க் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்.

துகள் விழும் வேகத்தை அதன்மேல் செயல்படும் முடுக்கத்தால் வகுத்தால் கிடைப்பது நேரத்தின் அலகு. புரதங்களுக்கு அந்த எண் மிகச் சிறியது என்பதால் 10 லட்சம் கோடியில் ஒரு பங்கு நொடியை ஓர் அலகாக வைத்து அதற்கு 'ஸ்வெட்பெர்க்' என்றே பெயரிட்டனர். பாடநூல்களில் ரைபோசோமுக்கு அருகே 70 எஸ் என்று வருவது இதுதான். பாக்டீரியாவின் 70 எஸ் ரைபோசோம் 50 எஸ், 30 எஸ் என்னும் இரு பகுதிகளாகப் பிரியும் என்று படிக்கும் மாணவர், ஐம்பதும் முப்பதும் எண்பது அல்லவா என்று கேட்பது நியாயம். இந்த எண் எடையைக் குறித்தால் கூட்டல் சரியாக வரும். இது வேகத்தைக் குறிக்கிறது. இரு பகுதிகள் ஒட்டிக்கொள்ளும்போது நிறை கூடுகிறது; நீரோடு உரசும் உராய்வும் கூடவே கூடுகிறது. ஆகவே வேகம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. மையவிலக்கி நிறையை நேராக எடைபோடுவதில்லை என்பதை ஒவ்வொரு பள்ளிப் பாடநூலும் இந்த ஒரு கணக்கின் வழியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

படிவும் அதன் பெயரும்

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்துக்கு 1929இல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஆல்பர்ட் கிளாட், கோழிகளில் புற்றுக்கட்டியை உண்டாக்கும் ரௌஸ் சார்கோமா வைரஸைத் தனியாக எடுக்க முயன்றார். கட்டியை அரைத்து, சாற்றை அதிவேகத்தில் சுழற்றி, அடியில் தங்கிய நுண்துகள்களைச் சேகரித்தார். நோயை உண்டாக்கும் ஆற்றல் அந்தப் படிவில் செறிந்திருந்தது. பிறகு நோயற்ற கோழிக் கருவின் திசுவையும் அதே முறையில் சுழற்றினார். அதிலும் அதே போன்ற துகள்கள் வந்தன. வைரஸோடு சேர்ந்து வந்தவை நலமான செல்லின் சொந்தச் சரக்கு என்பது இந்த ஒப்பீட்டால் தெரிந்தது. ஏமாற்றம் தந்திருக்கக்கூடிய அந்த முடிவைக் கிளாட் ஒரு புதிய துறையின் வாசலாக்கினார். அத்துகள்களுக்கு 1943இல் 'மைக்ரோசோம்' என்று பெயரிட்டார். கல்லீரல் செல்லைப் படிப்படியாகச் சுழற்றிப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் முறையை 1946இல் விரிவாக எழுதினார்.

அந்த முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. கல்லீரலைக் குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் மென்மையாக அரைப்பார்கள். ஏறத்தாழ 1,000 மடங்கு ஈர்ப்பில் சில நிமிடம் சுழற்றினால் செல்லின் உட்கரு அடியில் தங்கும். மேலே நிற்கும் நீரை எடுத்து 10,000 மடங்கில் சுழற்றினால் மைட்டோகாண்ட்ரியா இறங்கும். அடுத்து 1,00,000 மடங்கில் ஒரு மணி நேரம் சுழற்றினால் மைக்ரோசோம் எனப்பட்ட பகுதி. கடைசியில் எஞ்சுவது கரையும் புரதங்கள் நிறைந்த தெளிநீர். ஹோக்பூம், ஷ்னைடர், ஜார்ஜ் பலாடே மூவரும் 1948இல் கரைசலில் சர்க்கரையின் அளவைச் சரியாக அமைத்து, வடிவம் குலையாத மைட்டோகாண்ட்ரியாவைப் பெற்றனர். உணவின் ஆற்றல் செல்லுக்குப் பயன்படும் வடிவமாக மாறுவது அங்கேதான் என்பதை யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் அடுத்த ஆண்டே காட்டினர்.

ஆனால் இந்தப் படிமுறையில் ஒரு குறை உண்டு. சுழற்சி தொடங்கும்போது எல்லாத் துகள்களும் குழாய் முழுவதும் விரவியிருக்கும். மேல்மட்டத்தில் இருக்கும் பெரிய துகள் அடியை எட்ட வேண்டிய நேரத்தில், அடிக்கு அருகிலேயே இருந்த சிறு துகளும் இறங்கிவிடும். பெரியதன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கே உள்ள துகள்களிலும் ஏறத்தாழ பத்து விழுக்காடு அதே படிவில் கலந்திருக்கும். ஒரே சுழற்சியில் தூய பொருள் கிடைக்காது. கிடைத்த படிவில் எது அதிகம், எது கலப்பு என்பதை அளந்தால்தான் தெரியும்.

அளப்பதில் கிளாட் கண்டிப்பானவர். அரைத்த முழுச் சாற்றில் ஒரு நொதியின் செயல்பாடு எவ்வளவு, ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு, எல்லாவற்றையும் கூட்டினால் முழுமைக்குச் சமமாகிறதா என்று வரவுசெலவுக் கணக்குப்போல் பார்ப்பது அவரது வழி. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். இன்சுலின் கல்லீரலில் எப்படிச் செயல்படுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த அவரது குழு, 1949இல் அமில பாஸ்பட்டேஸ் என்னும் நொதியையும் துணைக்கு அளந்தது. மென்மையாக அரைத்த சாற்றில் அதன் செயல்பாடு, முரட்டுத்தனமாக அரைத்தபோது கிடைத்ததில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஐந்து நாள் கழித்து மறுபடி அளந்தார்கள். காணாமல் போயிருந்த செயல்பாடு திரும்பி வந்திருந்தது.

முதல் அளவீட்டில் ஏதோ பிழை என்று ஒதுக்கிவிட்டு, இரண்டாம் எண்ணை எழுதிக்கொள்வது எளிது. டி டூவ் ஒதுக்கவில்லை. நொதி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்க வேண்டும். பை கிழியும்வரை வெளியிலிருக்கும் பொருளை அதனால் தொட முடியாது என்ற முடிவுக்கு வந்தார். அந்தப் பை மைட்டோகாண்ட்ரியாவா என்பதை அறிய, மைட்டோகாண்ட்ரியப் படிவையே கனமான பகுதி, இலேசான பகுதி என்று இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். நொதி இலேசான பகுதியில் செறிந்தது. செரிக்கும் வேறு நொதிகளும் அதே இடத்தில், அதே போல் மறைந்திருந்தன. 1955இல் அந்தப் பைக்கு 'லைசோசோம்' என்று பெயரிட்டார். அதுவரை எந்த நுண்ணோக்கியிலும் யாரும் அதை அடையாளம் கண்டிருக்கவில்லை. அதன் பிறகே அலெக்ஸ் நோவிகாஃப் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தப் பகுதியைப் படம்பிடித்தார். செல்லின் ஓர் உறுப்பு முதலில் கணக்கில் தெரிந்தது, பிறகு கண்ணில் தெரிந்தது.

டி டூவ் வலியுறுத்திய இன்னொன்று இக்கட்டுரைக்கு மையமானது. மைக்ரோசோம் என்பது ஒரு படிவின் பெயர். அப்படி ஓர் உறுப்பு செல்லுக்குள் இல்லை. அரைக்கும்போது கிழிந்த உட்சவ்வு வலையின் துண்டுகளும், அவற்றில் ஒட்டிய ரைபோசோம்களும், வேறு பலவும் ஒரே வேகத்தில் விழுவதால் ஒரே இடத்தில் சேர்கின்றன. செல்லை இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்த கிளாட், டி டூவ், பலாடே மூவருக்கும் 1974இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மூன்று வகைத் தலைகள்

ரோட்டாரைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மிகவும் பரவலானது நிலைக்கோண ரோட்டார். திடமான உலோகக் கட்டையில் சாய்வாகக் குடைந்த துளைகள். குழாய் கடைசிவரை அதே சாய்வில் நிற்கும். துகள் குழாயின் நீளத்தைக் கடக்க வேண்டியதில்லை. குறுக்காகச் சென்று வெளிச்சுவரில் மோதி, சுவரோடு வழுக்கி அடிக்குப் போகும். பயணம் குறுகியது. படிவைத் திரட்ட இது சிறந்தது.

இரண்டாவது ஊசல் ரோட்டார். இதில் குழாய்கள் கீல்களில் தொங்கும் வாளிகளுக்குள் இருக்கும். சுழற்சி தொடங்கியதும் ராட்டினத்தில் தொட்டில் எழும்புவதுபோல் வாளிகள் எழுந்து கிடைமட்டமாகும். துகள் குழாயின் முழு நீளத்தையும் கடக்கும். நேரம் அதிகம், ஆனால் வெவ்வேறு வேகமுள்ள துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலக அவ்வளவு நீளப் பாதை வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் பத்து அடியில் யாரும் பிரிய மாட்டார்கள். நூறு அடியில் வரிசை தெரியும்.

மூன்றாவது செங்குத்து ரோட்டார். குழாய் நிமிர்ந்தே நிற்கும். துகள் குழாயின் விட்டத்தை மட்டும் கடக்கும். பாதை மிகக் குறுகியது. ஆனால் படிவு வெளிச்சுவர் நெடுக ஒட்டிக்கொள்ளும், எந்திரம் நிற்கும்போது மேலே கலந்துவிடும். ஆகவே இதைப் படிவு திரட்டுவதற்குப் பயன்படுத்துவதில்லை. அடர்த்தியைக் கொண்டு பிரிப்பதற்கே பயன்படுத்துகிறார்கள்.

இந்த வேறுபாட்டை ஒரே எண்ணில் அடக்க முடியும். ரோட்டாரின் உள் ஆரம், வெளி ஆரம், வேகம் மூன்றிலிருந்தும் கணக்கிடும் அந்த எண்ணைக் 'கே' காரணி என்பார்கள். அதைத் துகளின் ஸ்வெட்பெர்க் எண்ணால் வகுத்தால், நீரில் துகள் அடியை எட்ட எத்தனை மணி நேரம் ஆகும் என்பது கிடைக்கும். உள் ஆரம் 4, வெளி ஆரம் 8 சென்டிமீட்டர் உள்ள நிலைக்கோண ரோட்டாரை 50,000 சுற்றில் ஓட்டினால் கே ஏறத்தாழ 70. எழுபது எஸ் ரைபோசோம் இறங்க ஒரு மணி நேரம். உள் ஆரம் 6, வெளி ஆரம் 15 உள்ள ஊசல் ரோட்டாரை 40,000 சுற்றில் ஓட்டினால் கே 145. அதே ரைபோசோமுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இத்தனைக்கும் குழாயின் அடியில் இரண்டாவதில்தான் விசை அதிகம். ஆரமும் பாதை நீளமும் சொல்லப்படாத செய்முறை, ஊர்ப்பெயர் இல்லாத முகவரி போன்றது.

சர்க்கரைப் படுகையில் ஒரு பந்தயம்

வேகத்தைக் கொண்டு சுத்தமாகப் பிரிக்க வேண்டுமானால் எல்லாத் துகள்களும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட வேண்டும். மாதிரியைக் குழாயின் மேல்மட்டத்தில் மெல்லிய ஏடாகப் பரப்பினால் போதும் என்று தோன்றும். ஆனால் வெறும் நீரின்மேல் அப்படிப் பரப்பினால், கனமான அந்த ஏடு மொத்தமாகக் குலைந்து கீழே ஒழுகிவிடும். தாவர வைரஸ்களை ஆராய்ந்த மைரன் பிராக்கி 1951இல் இதற்கு ஒரு வழி கண்டார். குழாயின் மேலிருந்து கீழாகச் சர்க்கரையின் செறிவைச் சீராகக் கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு மட்டமும் தனக்குக் கீழுள்ளதைவிட இலேசாக இருக்கும், நீர் புரளாது. துகள்கள் தத்தம் வேகத்தில் தனித்தனி வளையங்களாக இறங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் இறங்கும் வளையம் அடியைத் தொடுவதற்கு முன் எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். இங்கே நேரமே அளவுகோல்.

1963இல் ஜொனாதன் வார்னர், பால் நாஃப், அலெக்சாண்டர் ரிச் மூவரும் முயலின் இளம் சிவப்பணுக்களை இப்படி ஆராய்ந்தனர். அந்த அணுக்கள் பெரும்பாலும் ஹீமோகுளோபினையே உற்பத்தி செய்பவை. செல்லை மிக மென்மையாக உடைத்து, சர்க்கரைப் படுகையின்மேல் பரப்பிச் சுழற்றினர். புரதம் உருவாகிக்கொண்டிருக்கும் இடம் தனி ரைபோசோம்கள் விழும் மட்டத்தில் இல்லை. அதைவிட வெகு கீழே, 170 எஸ் அருகே இருந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது பெரும்பாலும் ஐந்து ரைபோசோம்கள் ஒரே இழையில் கோத்திருந்தன. ஒரு செய்தி ஆர்என்ஏவை ஒரே சமயத்தில் பல ரைபோசோம்கள் படித்துக்கொண்டு போகின்றன என்பது அதிலிருந்து விளங்கியது. செல்லை முரட்டுத்தனமாக அரைத்தால் இழை அறுந்து தனி மணிகளே மிஞ்சும். டி டூவின் குளிர்பெட்டி சொன்ன பாடம் இங்கும் அதுதான்: குழாயில் நாம் பார்ப்பதில் செல்லின் பங்கு எவ்வளவு, நம் கையின் பங்கு எவ்வளவு என்று கேட்டே ஆக வேண்டும்.

நிற்கும் இடம்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றை உழவர்கள் அறிவார்கள். வாளி நீரில் முட்டை மிதக்கும்வரை உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டினால், நன்கு விளைந்த மணி மூழ்கும்; பதரும் அரைவிளைச்சலும் மிதக்கும். அங்கே நெல்லின் வேகத்தை யாரும் பார்ப்பதில்லை. நீரின் அடர்த்தியைவிட மணியின் அடர்த்தி கூடுதலா, குறைவா என்பது மட்டுமே கேள்வி. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மிதப்பது மிதந்துகொண்டுதான் இருக்கும்.

அடர்த்தி மேலிருந்து கீழாகச் சீராக ஏறும் உப்புக் கரைசல் இருந்தால், ஒவ்வொரு துகளும் தனக்கு நிகரான அடர்த்தியுள்ள மட்டத்தில் போய் நின்றுவிடும். சீசியம் குளோரைடு என்னும் கனமான உப்பின் கரைசலை நீண்ட நேரம் அதிவேகத்தில் சுழற்றினால் அந்தச் சரிவு தானாகவே உருவாகும். சீசியம் அயனிகள் வெளிப்பக்கம் தள்ளப்படும். பரவல் அவற்றை உள்ளே இழுக்கும். இரண்டும் சமன்படும்போது சரிவு நிலைத்துவிடும். மேத்யூ மெசல்சன், ஃபிராங்க்ளின் ஸ்டால், ஜெரோம் வினோகிராட் மூவரும் இம்முறையை 1957இல் வெளியிட்டனர்.

அதை எதற்காக உருவாக்கினார்களோ அந்தச் சோதனை அடுத்த ஆண்டு வெளிவந்தது. டிஎன்ஏ இரட்டை இழை நகலாகும்போது பழைய இழைகள் என்ன ஆகின்றன? இரண்டும் சேர்ந்தே இருந்து, நகல் முற்றிலும் புதிதாக உருவாகிறதா? ஒவ்வொரு மகவுக்கும் ஒரு பழைய இழை போகிறதா? துண்டு துண்டாகச் சிதறிக் கலக்கின்றனவா? கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் மெசல்சனும் ஸ்டாலும் ஈ.கோலை பாக்டீரியாவை 14 தலைமுறைகளுக்கு நைட்ரஜன்-15 என்னும் கனமான ஓரிடத்தானில் வளர்த்தனர். பிறகு சாதாரண நைட்ரஜன்-14க்கு மாற்றி, தலைமுறைக்குத் தலைமுறை டிஎன்ஏவை எடுத்தனர். கனமான டிஎன்ஏவுக்கும் சாதாரண டிஎன்ஏவுக்கும் அடர்த்தி வேறுபாடு கன சென்டிமீட்டருக்கு 0.014 கிராம் மட்டுமே. நிமிடத்துக்கு 44,770 சுற்று, புவியீர்ப்பைப்போல் சுமார் 1,40,000 மடங்கு விசை, 20 மணி நேரம். அந்தச் சிறு வேறுபாடு புற ஊதாப் படத்தில் தெளிவான இரு பட்டைகளாக விலகி நின்றது.

மாற்றி ஒரு தலைமுறை ஆனதும் ஒரே பட்டை, கனத்துக்கும் இலேசுக்கும் சரியாக நடுவில். ஆகவே பழையது முழுதாகச் சேர்ந்து நிற்கவில்லை. இரண்டாம் தலைமுறையில் நடுவில் ஒரு பட்டை, இலேசான இடத்தில் ஒரு பட்டை, இரண்டும் சம அளவில். ஆகவே சிதறிக் கலக்கவும் இல்லை. ஒவ்வொரு மகவும் ஒரு பழைய இழையையும் ஒரு புதிய இழையையும் ஏந்தி வருகிறது. வேகத்தைக் கேட்டிருந்தால் இந்த விடை வந்திருக்காது. மூன்று வகை டிஎன்ஏவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் விழும். கேள்வியை மாற்றியதால் விடை கிடைத்தது.

அதே கரைசல் 1960 கோடையில் ஏறத்தாழ கைவிட்டுவிட்டது. சிட்னி பிரென்னர், ஃபிரான்சுவா ஜாக்கப், மெசல்சன் மூவரும் வைரஸ் தாக்கிய பாக்டீரியாவில் புதிய செய்தியைச் சுமப்பது எது என்று தேடினர். கனமான ஓரிடத்தான்களில் வளர்ந்த பழைய ரைபோசோம்களின்மேல் புதிய ஆர்என்ஏ வந்து அமர்ந்தால், ரைபோசோம் வெறும் பட்டறை, செய்தி வேறு என்று உறுதியாகும். ஆனால் சீசியம் கரைசலில் ரைபோசோம்கள் உடைந்துகொண்டே இருந்தன. ஊர் திரும்பும் நாள் நெருங்கியபோது, கடற்கரையில் அமர்ந்திருந்த பிரென்னருக்குக் காரணம் பட்டது: ரைபோசோமைக் கட்டிப்பிடித்திருப்பது மக்னீசியம், அவ்வளவு சீசியம் இருக்கும்போது மக்னீசியம் தன் இடத்தை இழக்கிறது. மக்னீசியத்தைப் பலமடங்கு கூட்டியதும் ரைபோசோம்கள் நிலைத்தன. செய்தி ஆர்என்ஏ பழைய ரைபோசோம்களின்மேல் இருந்தது. 1961இல் வெளிவந்த அந்த முடிவு மூலக்கூறு உயிரியலின் தூண்களில் ஒன்று.

சீசியம் கரைசலோடு எத்திடியம் புரோமைடு என்னும் சாயத்தைச் சேர்த்து, மூடிய வளைய டிஎன்ஏவை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் முறையை ராட்லாஃப், பாயர், வினோகிராட் 1967இல் தந்தனர். சாயம் டிஎன்ஏ ஏணியின் படிகளுக்கிடையே நுழைந்து அடர்த்தியைக் குறைக்கும். மூடிய வளையத்தில் முறுக்கம் தடுப்பதால் குறைவாகவே நுழையும். ஆகவே வளையம் சற்றுக் கீழே நிற்கும். பிளாஸ்மிட் டிஎன்ஏ எடுக்கப் பல ஆண்டுகளுக்கு ஆய்வகங்களின் அன்றாட வேலை இதுதான்: இரவெல்லாம் சுழற்றி, காலையில் புற ஊதா ஒளியில் செம்மஞ்சளாக ஒளிரும் கீழ்ப்பட்டையை ஊசியால் உறிஞ்சி எடுப்பது.

உலோகத்தின் தாங்குதிறன்

இவ்வளவு விசையைத் தாங்குவது யார்? ஆரம் 9 சென்டிமீட்டர் உள்ள ரோட்டார் 60,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 565 மீட்டர் வேகத்தில் செல்கிறது. காற்றில் ஒலியின் வேகத்தைவிட அதிகம். அந்த விளிம்பில் ஒரு கிராம் பொருள் 360 கிலோவுக்கு மேல் கனக்கிறது. காற்றில் ஓட்டினால் உராய்வு ரோட்டாரைக் கொதிக்கவைத்துவிடும். ஸ்வெட்பெர்க் குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவுக்குள் சுழற்றினார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி பீம்ஸும் அவரது மாணவர் எட்வர்ட் பிக்கெல்ஸும் 1930களில் வெற்றிடத்துக்கே போனார்கள். ரோட்டாரை மெல்லிய, வளையக்கூடிய தண்டில் தொங்கவிட்டார்கள். விறைப்பான தண்டு ரோட்டாரைத் தன் அச்சில் கட்டாயப்படுத்தும். சிறு எடைப்பிழையும் தண்டை உலுக்கும். வளையும் தண்டில் ரோட்டார் தன் எடைமையத்தைத் தானே கண்டுகொள்ளும், நன்றாக விழுந்த பம்பரம் ஒரே இடத்தில் நின்று உறங்குவதுபோல். பிக்கெல்ஸ் 1946இல் தொடங்கிய ஸ்பின்கோ நிறுவனம் அடுத்த ஆண்டு 'மாடல் ஈ' எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெசல்சனும் ஸ்டாலும் பயன்படுத்தியது அந்த வகை எந்திரத்தைத்தான்.

உலோகத்துக்குக் களைப்பு உண்டு. ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் ரோட்டார் நுண்ணிய அளவு விரிகிறது, நிற்கும்போது சுருங்குகிறது. அலுமினியத்தில் உப்போ காரமான சோப்போ பட்ட இடத்தில் சிறு குழி விழுந்தால், விசை அந்தக் குழியில் குவிந்து விரிசலாகும். டைட்டானியம் அரிப்பைத் தாங்கும்; ஆனால் அதுவும் எல்லையற்றதல்ல. சீசியம் குளோரைடு போன்ற கனமான கரைசலை நிரப்பினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்: கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம் அடர்த்திக்கு வடிவமைத்த ரோட்டாரில் 1.7 கிராம் கரைசலை ஊற்றினால் 50,000 சுற்றின் எல்லை 42,000 ஆகிவிடும். உப்பு படிகமாகி அடியில் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் அடர்த்தி ஏறத்தாழ 4.

1998 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் பால் மாதிரிகள் சுழன்றுகொண்டிருந்தன. அதே வேலைக்குப் பலமுறை பயன்பட்ட பெரிய அலுமினிய ரோட்டார். ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் அது சிதறியது. எந்திரத்தின் எஃகுக் கதவு வளைந்து, உலோகத் துண்டுகள் சுவரையும் கூரையையும் துளைத்தன. அதிர்ச்சி அலையில் அறையின் சன்னல்கள் நொறுங்கின. யாருக்கும் காயமில்லை. ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிவேட்டில் எழுது, ஆயுள் முடிந்த ரோட்டாருக்கு ஓய்வு கொடு, குழாய்களை எதிரெதிரே எடைபோட்டுச் சமன்செய் என்று மூத்தவர்கள் மாணவர்களிடம் சொல்வது சடங்குக்காக இல்லை.

பழைய பிழை, புதிய பெயர்

இந்த வரலாற்றை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. செல்கள் வெளியே உமிழும் நுண்பைகளைப் பற்றிய ஆய்வு வேகமாக வளர்கிறது. 1980களில் ரோஸ் ஜான்ஸ்டோன் செம்மறியாட்டின் முதிராத சிவப்பணுக்கள் வெளியேற்றும் பைகளை 1,00,000 மடங்கு ஈர்ப்பில் திரட்டி, அவற்றுக்கு 'எக்சோசோம்' என்று பெயரிட்டார். செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட வழியில் பிறக்கும் பைகள் அவை. பிற்காலத்தில் 1,00,000 மடங்கில் அடியில் தங்கிய எல்லாவற்றையும் எக்சோசோம் என்று அழைக்கும் பழக்கம் பரவியது. அந்தப் படிவில் செல்லின் மேற்சவ்விலிருந்து மொட்டுவிட்ட பைகள், திரண்ட புரதங்கள், இரத்தத்திலிருந்து எடுத்தால் கொழுப்புப்புரதங்கள் எனப் பலவும் இருக்கும். மைக்ரோசோம் கதை மறுபடியும் எழுதப்படுகிறது. கே காரணி 70 உள்ள ரோட்டாரிலும் 145 உள்ள ரோட்டாரிலும் ஒரே விசையில் ஒரே நேரம் சுழற்றினால் வெவ்வேறு கலவைகள் வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டி முடிவுகள் முரண்படுகின்றன என்று வியப்பதில் பொருளில்லை. இத்துறையின் பன்னாட்டுச் சங்கம் தன் வழிகாட்டு நெறிகளில் ரோட்டார், விசை, நேரம் போன்ற விவரங்களை எழுதச் சொல்வது இதனால்தான்.

இரு கேள்விகளையும் தெளிவாகப் பிரித்துக் கேட்கும் துறையும் இன்று இருக்கிறது. மரபணு மருத்துவத்தில் மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ் உறைகளில் சில வெறுமையாகவே உருவாகிவிடும். நிரம்பிய உறை ஏறத்தாழ 100 எஸ் வேகத்தில் விழும். வெறும் உறை 65 எஸ் அருகே. அடர்த்திச் சரிவிலும் இரண்டும் வெவ்வேறு மட்டங்களில் நிற்கும். நோயாளியின் உடலில் செலுத்தப்போகும் மருந்தில் எத்தனை பங்கு வெற்றுறை என்பதை ஸ்வெட்பெர்க்கின் வழியில் ஒளி பாய்ச்சி அளக்கிறார்கள். அவர் கருவி அமைத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அந்தக் கேள்வி இன்னும் தேய்ந்துபோகவில்லை.

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது எளியது. குறிப்பேட்டில் வேகத்துக்கு முன்னால் ரோட்டாரின் பெயரையும் ஆரத்தையும் எழுதுங்கள். மேலே நிற்கும் தெளிநீரைக் கொட்டுவதற்கு முன் அதையும் அளந்துபாருங்கள். பகுதிகளைக் கூட்டி முழுமையோடு ஒப்பிடுங்கள். கணக்கு உதைத்தால் மாதிரியைத் தூக்கிப்போடாமல் குளிர்பெட்டியில் வைத்து ஐந்து நாள் கழித்து மறுபடி அளந்துபாருங்கள். லூவேனில் ஒரு குழு அதைத்தான் செய்தது.